விருத்தாசலத்தின் வளர்ச்சியும் வெள்ளாற்றங்கரைக் கிராமங்களும்

நகரம் பெருகுவதையே வளர்ச்சி என்று எண்ணும் மயக்கம் நம் நாட்டில் நெடுநாளாய் இருந்து வருகிறது. வீதிகள் நீண்டு, மாடிகள் உயர்ந்து, கடைகள் மலிந்துவிட்டால் ஊர் முன்னேறிவிட்டதென்று நகரசபையாரும் மகிழ்கிறார்கள், ஜனங்களும் மகிழ்கிறார்கள். அவ்வீதிக்கும் மாடிக்கும் வேண்டிய நீரும் மணலும் எங்கிருந்து வந்தன, இன்னும் எத்தனை காலம் வரும் என்ற கணக்கைக் கேட்பார் அரியர். 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்றனர் நம் முன்னோர். ஆற்றிலிருந்து எடுப்பதையும் அளந்தே எடுக்கவேண்டிய காலம் இது. விருத்தாசலத்தை முன்னிட்டு இவ்விஷயத்தைச் சிறிது ஆராய விரும்புகிறோம்.

முதுகுன்றம் என்ற பழம்பெயருடைய இந்நகரம் மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதர் கோயிலைச் சூழ எழுந்தது. திருச்சி, விழுப்புரம், சேலம், கடலூர் என நான்கு திசைகளுக்கும் ரயில் பிரியும் சந்திப்பாயிற்று. பீங்கான் தொழில் இவ்வூருக்குத் தனிப் பெயரைத் தந்தது. 2011-ம் வருஷத்து ஜனக்கணக்கின்படி நகரவாசிகள் 70,000-க்கு மேற்பட்டவர்கள். 2021-ல் எடுக்கவேண்டிய கணக்கு உரிய காலத்தில் எடுக்கப்படவில்லை. ஆகவே இன்று குழாய்க்கும் சாக்கடைக்கும் திட்டம் போடுவோர் பழங்கணக்கையும் உத்தேசத்தையும் கொண்டே போடவேண்டியிருக்கிறது.

பீங்கான் தொழிலை எடுத்துக்கொள்வோம். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை மூடியிருக்கும் மண்ணடுக்குகளில் வெண்களிமண்ணும் கிடைக்கிறது. அந்த மண் அருகில் கிடைத்ததனால் விருத்தாசலத்தில் இத்தொழில் வேரூன்றியது. பொம்மைகளும் மின்சாரத்துக்கு வேண்டிய பீங்கான் சாமான்களும் செய்து பிழைக்கும் குடும்பங்கள் பல. ஆனால் களிமண் மீண்டும் விளையும் பொருளன்று. சூளையில் ஏறக்குறைய 1,200 பாகை வெப்பம் எழுப்ப எரிபொருள் வேண்டும். அதுவும் எரிந்தால் தீர்ந்ததுதான். நிலக்கரி வெட்டுவதற்காக நெய்வேலியில் பூமியின் ஆழத்து நீரை இராப்பகலாய் இறைக்க வேண்டியிருக்கிறது. இல்லாவிடில் கீழிருந்து வரும் நீரழுத்தம் சுரங்கத்தின் அடித்தளத்தையே பெயர்த்துவிடும். மண்ணும் நெருப்பும் நீரும் ஒன்றோடொன்று பிணைந்த வட்டாரம் இது. இவற்றுள் ஒன்றை மட்டும் தனியே எடுத்துத் திட்டமிடுதல் இயலாது.

தஞ்சையில் பிறந்த தமிழரான ஜே. சி. குமரப்பா, ஜபல்பூர்ச் சிறையில் இருந்தபோது நிலைத்த பொருளாதாரத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். காந்தியடிகள் 1945-ல் அதற்கு முன்னுரை வழங்கினார். நிலக்கரி, எண்ணெய், உலோகம் போன்றவை எடுக்க எடுக்கக் குறையும் சேமிப்பு. ஆற்று நீரும் மரமும் முறையாய்க் கையாண்டால் என்றும் தொடரும் வருமானம் என்று அவர் பாகுபடுத்தினார். முதலைத் தின்று வாழும் குடும்பம் நொடித்துப் போகும், ஊரும் அவ்வாறே. இன்று உலகத்தார் பெரிய மகாநாடுகள் கூட்டிப் பேசும் தத்துவத்தை நம்மவர் ஒருவர் சிறைக்கொட்டடியில் இருந்தே எழுதிவிட்டார். அதை ஒரு நகரசபையேனும் தன் வரவு செலவுத் திட்டத்தில் கைக்கொண்டு காட்டவேண்டாமா?

இனி, நகரத்தின் எல்லைக்கு வெளியே செல்வோம். விருத்தாசலத்துக்குத் தெற்கே வெள்ளாற்றங்கரையில் இருப்பது கருவேப்பிலங்குறிச்சி. நகரசபைக்கு அங்கே வரி விதிக்க அதிகாரமில்லை. அவ்வூராருக்கு நகரசபைத் தேர்தலில் வாக்கில்லை. ஆயினும் அவ்வூரார் சந்தைக்கும் பள்ளிக்கும் மருத்துவத்துக்கும் நகரத்தை நாடுகிறார்கள். நகரமோ உணவுக்கும் கட்டிட மணலுக்கும் ஆற்றங்கரைக் கிராமங்களை நாடுகிறது. ஆற்று மணல் வெறும் கட்டிடச் சாமான் அன்று. வெள்ளத்தைத் தன்னுள் தேக்கிக் கிணறுகளுக்கு ஊட்டும் செவிலி அது. அளவுக்கு மிஞ்சி அதை வாரினால் ஆற்றுப்படுகை தாழும்; கரைக் கிணறுகள் வற்றும்; உழவன் பின்னும் ஆழத் துளைக்கக் கடன்படுவான். நகரத்தில் ஒரு மாடி எழக் கிராமத்தில் ஒரு கிணறு தூர்வதை வளர்ச்சி என்று நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். மணிமுத்தாறும் விருத்தாசலத்தோடு நின்றுவிடுவதில்லை. கூடலையாத்தூரில் வெள்ளாற்றோடு கலக்கிறது. நகரத்தார் மணிமுத்தாற்றில் விடும் கழிவுநீர் கீழேயுள்ள ஊர்களைத் தேடிச் செல்லும். நகரசபை எல்லைக்கல் நட்டிருப்பதை ஆறு அறியுமோ?

இதற்குப் பரிகாரம் சட்டத்திலேயே இருக்கிறது. 1993 ஜூன் 1-ந் தேதி அமுலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தம், நகரசபைகளிடம் ஒப்படைக்கத்தக்க 18 காரியங்களை அட்டவணையிட்டது. அவற்றுள் முதலாவது நகரத் திட்டமிடுதல். அத்துடன் ஜில்லாதோறும் ஒரு திட்டக்குழு வேண்டுமென்றும் விதித்தது. நகரங்களும் கிராமங்களும் போடும் திட்டங்களை ஒன்றுசேர்ப்பதும், நீரையும் இயற்கைச் செல்வத்தையும் பங்கிடுவதைக் கவனிப்பதும் அக்குழுவின் கடமை. அதன் அங்கத்தினரில் ஐந்தில் நான்கு பங்கினருக்குக் குறையாதவர்கள் ஜில்லா பஞ்சாயத்திலும் நகரசபைகளிலும் உள்ள ஜனப்பிரதிநிதிகளால் தம்முள்ளிருந்தே தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். விருத்தாசலமும் கருவேப்பிலங்குறிச்சியும் ஒரே பந்தியில் அமர்ந்து கணக்குப் பார்க்க இதனினும் தகுந்த இடம் வேறில்லை.

ஆனால் பிரதிநிதிகள் இருந்தாலன்றோ குழு இருக்கும்? தமிழ்நாட்டு நகரசபைகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. ஐந்து வருஷத்துக்கு மேல் தனி அதிகாரிகளே ஆண்டனர். கடலூர் உள்ளிட்ட 27 ஜில்லாக்களின் கிராமப் பஞ்சாயத்துக்களுக்கோ 2019 டிசம்பரில் தேர்தல் நடந்தது. 2025 ஜனவரியில் அவற்றின் காலம் முடிந்ததும் அங்கும் தனி அதிகாரிகள் வந்தமர்ந்தனர். நகரத்துக்கு நாவிருந்த நாளில் கிராமத்தின் வாயடைக்கப்பட்டது. அதிகாரிகள் திறமையற்றவர்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இடமாற்ற உத்தரவு வந்தால் மூட்டை கட்டிக்கொண்டு செல்பவர் 20 வருஷத்துக்குப் பின் வற்றப்போகும் கிணற்றுக்காக எவரிடம் ஜவாப் சொல்வார்?

சுதந்திரப் போர் நடத்திய தலைவர்கள் நகரசபைகளை அற்பமாய் எண்ணவில்லை. 1917-ல் ராஜாஜி சேலத்திலும், 1924-ல் வல்லபாய் படேல் ஆமதாபாத்திலும் நகரசபைத் தலைமை ஏற்றுத் தெருவிளக்கையும் குடிநீரையும் கவனித்தனர். தெருவை ஆளத் தெரியாதவர் தேசத்தை ஆள முடியாது என்பதை அவர்கள் செய்கையால் காட்டினர்.

ஆகவே நாம் கோருவன இவை: ஸ்தல ஸ்தாபனங்களின் தேர்தல் ஒரு நாளும் தவணை தவறலாகாது. ஜில்லா திட்டக்குழு காகிதத்திலிருந்து இறங்கி, ஆற்றங்கரை ஊர்களின் பிரதிநிதிகளையும் வைத்துக்கொண்டு கூடவேண்டும். ஆண்டுதோறும் எவ்வளவு நீர், மண், மணல் எடுக்கப்பட்டன, எவ்வளவு மீண்டன என்ற கணக்கை நகரசபை தமிழில் அச்சிட்டு ஜனங்கள் முன் வைக்கவேண்டும். கழிவுநீரைச் சுத்தி செய்யாமல் மணிமுத்தாற்றில் விடலாகாது. பீங்கான் தொழிலுக்கு எரிபொருள் சிக்கனமான பொதுச் சூளையும், நுரையீரலை அரிக்கும் மண்தூசியிலிருந்து தொழிலாளருக்குப் பாதுகாப்பும் வேண்டும்.

2022-ல் வகுத்த விதிகள் வார்டு கமிட்டிக்கும் பகுதி சபைக்கும் இடமளித்திருக்கின்றன. அவை கூடும்போது நம் தேசத் தொண்டர்கள் எத்தனை பேர் செல்கிறார்கள்? பெரிய மேடைகளில் முழங்குவோர் தம் வார்டுக் கூட்டத்துக்கு ஒருமுறை சென்று, இந்த நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்கட்டும். கேட்பார் இருந்தால் கணக்கு எழுதப்படும். கணக்கு எழுதப்பட்டால் ஆறும் பிழைக்கும், ஊரும் பிழைக்கும்.