இன்சுலின் தொட்டிக்குள் ஆக்சிஜன் கணக்கு

கடமலைக்குண்டு மருந்துக்கடையில் குளிர்பெட்டியைத் திறந்து எடுத்துத் தருகிறார்களே இன்சுலின் குப்பி, அது முன்பெல்லாம் மாடு, பன்றிகளின் கணையத்திலிருந்து வந்தது. இன்று அதை நுண்ணுயிர்கள் செய்கின்றன. பெங்களூருவின் பயோகான் நிறுவனம் பிக்கியா என்ற ஈஸ்ட்டை வளர்த்துத் தயாரித்த மனித இன்சுலினை 2004-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இப்படி நுண்ணுயிர் வளர்க்கும் தொட்டிக்குப் பெயர் பயோரியாக்டர்.

மெத்தனாலைத் தீனியாகப் போட்டால் பிக்கியா புரதத்தை அள்ளித் தரும். ஆனால் ஆக்சிஜன் விஷயத்தில் அதற்கு அகோரப் பசி. தீனியை வேண்டிய மட்டும் கரைத்து ஊற்றலாம். ஆக்சிஜன் அப்படிக் கரையாது. 1 லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்சிஜன் உண்டு. 30 டிகிரி சூட்டில் 1 லிட்டர் தண்ணீரில், எவ்வளவு நேரம் காற்றை ஊதினாலும் ஏறக்குறைய 7.5 மில்லிகிராம்தான் தங்கும். அடர்ந்து வளர்ந்த ஈஸ்ட் அதைச் சில நொடிகளில் தீர்த்துவிடும். அதனால்தான் அடியிலிருந்து காற்றை ஊதி, விசிறி போட்டுக் கலக்கிக்கொண்டே இருக்கிறார்கள். ஆக்சிஜன் குறைந்தால் விளைச்சல் விழும். அளவுக்கு மீறி ஊதினால் நுரை பொங்கும், மின்கட்டணமும் ஏறும்.

திரவத்தில் கரைந்த ஆக்சிஜனை அளக்க 1956-இல் அமெரிக்கரான லேலண்ட் கிளார்க் ஒரு மின்முனையை அறிமுகப்படுத்தினார். இரத்தத்தில் ஆக்சிஜனை அளக்கச் செய்தது, தொட்டிக்கும் உதவியது. ஒரு வேடிக்கை: அளக்க வந்த கருவியே கொஞ்சம் ஆக்சிஜனைத் தின்னும். அதை மூடியிருக்கும் சவ்வை அடிக்கடி மாற்ற வேண்டும். செருகுவதற்குத் தொட்டியில் துளை வேறு தேவை. துளை இருக்கும் இடத்தில் வேண்டாத கிருமி நுழையும் பயமும் இருக்கும்.

அடுத்து வந்தது ஒளிப்பொட்டு. ஒளி பட்டால் மினுங்கும் சாயம் பூசிய சிறு வில்லை அது. சுற்றிலும் ஆக்சிஜன் கூடினால் மினுக்கம் சீக்கிரம் அணையும். குறைந்தால் நின்று ஒளிரும். அந்த நேரத்தை அளந்தால் ஆக்சிஜன் அளவு தெரிந்துவிடும். ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக் பை ரியாக்டரில் பொட்டை உள்பக்கம் ஒட்டியே விற்கிறார்கள். வெளியிலிருந்து ஒளியைப் பாய்ச்சிப் படித்துக்கொள்ளலாம். கம்பியும் வேண்டாம், துளையும் வேண்டாம்.

ஆனாலும் ஒரு பொட்டு, ஓர் இடத்தின் நிலவரத்தைத்தான் சொல்லும். வருசநாட்டுப் பக்கம் ஒரு கிணற்றைப் பார்த்துவிட்டு ஊர்க் கிணறுகள் எல்லாவற்றுக்கும் கணக்குச் சொல்ல முடியுமா? பல ஆயிரம் லிட்டர் தொட்டியிலும் விசிறி அருகே ஒரு நிலை, மூலையில் வேறு நிலை. அதனால் திரவத்தோடு மிதந்து சுற்றும், பேட்டரி வைத்த சிறு உணரிகளை ஆய்வாளர்கள் சோதிக்கிறார்கள். தொல்லை என்னவென்றால், உப்புக் கரைந்த திரவம் புளூடூத் போன்ற ரேடியோ அலையை விழுங்கிவிடும். எஃகுச் சுவர் வெளியே விடாது. 121 டிகிரி நீராவிக் கிருமிநீக்கத்தைப் பேட்டரியும் தாங்க வேண்டும்.

ஆகவே பைகளில் கம்பியில்லாப் பொட்டு வென்றுவிட்டது. பெரிய எஃகுத் தொட்டிகளில் இன்றைக்கும் சுவரில் செருகிய முனைதான் நம்பகமானது.