இழுவை இல்லாத வண்டி

காரைக்குடியில் காரைப் பட்டறைக்குக் கொண்டுவருகிறவர் முதலில் சொல்லும் வாக்கியம் நாற்பது ஆண்டுகளாக மாறவில்லை: "அண்ணே, வண்டி இழுக்க மாட்டேங்குது." அதைக் கேட்டவர் அடுத்துச் செய்யும் காரியம்தான் மாறியிருக்கிறது. அன்று அவர் பானெட்டைத் திறந்தார். இன்று டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே கையை விட்டு, அங்குள்ள பதினாறு பின் சாக்கெட்டில் ஸ்கேனரை மாட்டுகிறார்.

1980-களில் செட்டிநாட்டு வீடுகளின் கார் கொட்டகைகளில் நின்றவை பெரும்பாலும் அம்பாசிடரும் பிரீமியர் பத்மினியும்தான். அம்பாசிடரின் பெட்ரோல் இன்ஜின் 1489 சிசி, ஏறத்தாழ 50 குதிரைத்திறன். பத்மினிக்கு 1089 சிசி, நாற்பது. இழுவை குறைந்தால் சந்தேகிக்க வேண்டியவை மூன்றே: காற்று, பெட்ரோல், தீப்பொறி. பிளக்கைக் கழற்றினால் முனையின் நிறமே பாதி பதிலைச் சொல்லிவிடும். கரியாக இருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு, காப்பிப்பொடி நிறமென்றால் குறை வேறெங்கோ. பாயிண்ட் இடைவெளிக்குக் கேஜ் கைவசம் இல்லையென்றால் ஒரு விசிட்டிங் கார்டு போதும். டைமிங்கை டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பிக் காதால் வைத்தார்கள்.

அந்த டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் ஒரு சிறு கிண்ணம் இருக்கும், உள்ளே ரப்பர் சவ்வு. கார்புரேட்டரிலிருந்து வரும் மெல்லிய குழாய் அதை உறிஞ்சி இழுத்து, தீப்பொறியின் நேரத்தை முன்னே தள்ளும். சவ்வு கிழிந்தால் வண்டி சோம்பும், பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும். அதைச் சோதிக்கக் கருவி எதுவும் கிடையாது. குழாயின் நுனியை வாயில் வைத்து உறிஞ்சி, நாக்கால் அடைத்துக்கொள்வார்கள். நாக்கு ஒட்டியபடி நின்றால் சவ்வு நலம், நழுவினால் கிழிசல். பெட்ரோல் வாசனையுள்ள ரப்பரை நாளெல்லாம் சுவைப்பது உடம்புக்கு நல்லதா என்று அன்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

வசதியுள்ள பட்டறைகளில் வேக்கூம் கேஜ் ஒன்று இருக்கும். ஐடிலில் முள் 17-லிருந்து 21 பாதரச அங்குலத்துக்குள் அசையாமல் நின்றால் இன்ஜின் நலம், ஆடினால் வால்வு. அன்றைய கணக்கு முழுவதும் வளிமண்டல அழுத்தத்துக்குக் கீழேதான் நடந்தது. இன்ஜின் தன்னால் முடிந்த அளவு காற்றை உறிஞ்சும், அதற்கு மேல் கொடுக்க யாரும் இல்லை. இதே ஊரில் 1952-ல் அழகப்பா பொறியியல் கல்லூரியும், 1953-ல் மத்திய மின்வேதியியல் ஆய்வகமும் திறக்கப்பட்டுவிட்டன. ஆய்வகத்தில் கருவிகள் நுட்பமாக அளந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், பட்டறைக்கு நாக்கும் காதும் போதுமாக இருந்தன.

இன்று முகூர்த்த நாட்களில் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் வந்து நிற்கும் கார்களில் பல ஒரு லிட்டருக்குள் அடங்கும் மூன்று சிலிண்டர் பெட்ரோல் வண்டிகள். மறைமலைநகரில் தயாரான ஃபோர்டு ஈகோஸ்போர்ட் 2013-ல் 999 சிசியில் 125 குதிரைத்திறன் தந்தது. பின்னால் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து ஹூண்டாய் வென்யூவும் ஒரகடத்திலிருந்து நிசான் மேக்னைட்டும் அதே வழியில் வந்தன. நான்கு மீட்டருக்குள் நீளமும் 1200 சிசிக்குள் பெட்ரோல் இன்ஜினும் இருந்தால் வரி குறைவு என்பது ஒரு காரணம். 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ். 6 விதி சிறிய டீசல் கார்களைக் கட்டுப்படியாகாமல் செய்தது இன்னொன்று. அம்பாசிடரின் இன்ஜினில் மூன்றில் இரண்டு பங்கு அளவு, திறனோ இரண்டு மடங்குக்கு மேல். இடைவெளியை நிரப்புவது டர்போ. வெளியேறும் புகையின் வேகத்தில் நிமிடத்துக்கு இரண்டு லட்சம் சுற்று வரை சுழன்று, காற்றை அமுக்கி, இன்டர்கூலரில் குளிர வைத்து உள்ளே திணிக்கிறது. அழுத்தம் மிஞ்சாமல் பார்த்துக்கொள்வது வேஸ்ட்கேட் என்ற சிறு கதவு.

டர்போ நம் ஊருக்குப் புதிதல்ல. 1982-ல் தொடங்கிய டர்போ எனர்ஜி நிறுவனம் சென்னைக்கு அருகே பையனூரில் டர்போக்களைச் செய்கிறது. லாரி, ஜீப் மெக்கானிக்குகளுக்கு அதன் விசில் பழக்கமானது. டீசலில் ஹோஸ் பிய்த்துக்கொண்டால் கரும்புகை எழும், பின்னால் வருகிறவனுக்கும் தெரிந்துவிடும். பெட்ரோல் டர்போ அப்படிக் காட்டிக்கொடுக்காது. காற்று சற்றுக் கசிந்தால் இன்ஜினை ஆளும் கம்ப்யூட்டர் வேஸ்ட்கேட்டை இன்னும் கொஞ்சம் மூடி, டர்போவை இன்னும் வேகமாகச் சுழற்றிச் சமாளிக்கிறது. ஓட்டுகிறவருக்குத் தெரியாமலே மாதங்கள் போகலாம். சமாளிக்க முடியாத நாளில்தான் மஞ்சள் விளக்கு எரிகிறது, வண்டி வேகத்தைச் சுருக்கிக்கொள்கிறது. பழைய வண்டியால் பலவீனத்தை மறைக்க முடியாது. புதியது முடிந்தவரை மறைத்துவிட்டு, ஒருநாள் திடீரென்று அறிவிக்கிறது.

ஸ்கேனரில் அந்த அறிவிப்பு பெரும்பாலும் பி 0299 என்ற குறியீடாக வரும். கேட்ட அழுத்தம் கிடைக்கவில்லை என்பது அதன் பொருள். மிஞ்சிவிட்டால் பி 0234. குறியீடு சொல்வது இவ்வளவுதான், ஏன் என்பதைச் சொல்லாது. பி 0299 கண்டவுடன் டர்போவையே மாற்றச் சொல்லும் அவசரம் இன்று சகஜம். அதற்குப் பல பத்தாயிரம் ரூபாய் ஆகும். குறியீட்டைத் தீர்ப்பாகப் படிப்பதால் வரும் வினை இது. அது புகார் மனு மட்டுமே.

நிதானமானவர் முதலில் இன்ஜினை ஓட்டாமல் சாவியை மட்டும் போட்டு, அழுத்த சென்சார் என்ன காட்டுகிறது என்று பார்க்கிறார். கடல்மட்டத்திலிருந்து அதிக உயரமில்லாத காரைக்குடியில் அது 100 கிலோபாஸ்கலை ஒட்டி இருக்க வேண்டும். இல்லையென்றால் பொய் சொல்வது சென்சார். ஐடிலில் 35 அளவுக்கு இறங்கும். பிறகு திருமயம் சாலையில் மூன்றாவது கியரில் முழுக்க மிதித்து ஓட்ட, பக்கத்தில் இருப்பவர் திரையில் இரண்டு கோடுகளைக் கவனிப்பார். ஒன்று கம்ப்யூட்டர் கேட்ட அழுத்தம், மற்றது கிடைத்தது. கேட்டது 190, வந்தது 140, வேஸ்ட்கேட்டோ முழுக்க மூடிக் கிடக்கிறது என்றால் காற்று எங்கோ ஓடுகிறது. பட்டறைக்குத் திரும்பி, குழாய்க்குள் புகையைச் செலுத்தினால் ஓட்டை தன்னைத்தானே காட்டும். புகைக் கருவி இல்லாதவர்கள் குறைந்த அழுத்தத்தில் காற்றடித்துச் சோப்பு நீர் தெளிக்கிறார்கள்.

கிடைக்கும் காரணங்கள் பெரும்பாலும் பழையவையே. தளர்ந்த கிளிப், வெடித்த ஹோஸ், இந்தச் செம்மண் பூமியில் சீக்கிரமே அடைத்துப்போகும் ஏர் ஃபில்டர். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கப்படும் வீடுகளில் நிற்கும் வண்டியென்றால் எலி கடித்த ரப்பர் குழாய். வேஸ்ட்கேட்டை இயக்கும் கிண்ணத்துக்குள்ளும் அதே ரப்பர் சவ்வுதான், இம்முறை உறிஞ்சலுக்குப் பதில் அழுத்தம். வாய்க்கு வேலையில்லை, கைப்பம்பும் மீட்டரும் உண்டு. இப்போது வருபவை பலவற்றில் அந்தச் சவ்வும் போய் மோட்டார் வந்துவிட்டது. கதவு எந்த நிலையில் இருக்கிறது என்பதை அது தானே கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொள்கிறது.

வரவு பெரியது. ஓடும்போது மட்டும் தலைகாட்டி, பட்டறையில் நின்றதும் ஒளிந்துகொள்ளும் கோளாறு முன்பு மெக்கானிக்கை வாரக்கணக்கில் அலைக்கழித்தது. இப்போது அது நடந்த நொடியின் வேகமும் வெப்பமும் நினைவகத்தில் பதிவாகிவிடுகின்றன. போனது பையன்களின் கல்வி. எட்டணா கூலிக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தவன், குருவின் முகத்தைப் பார்த்தே இன்ஜின் சத்தத்தைக் கற்றான். திரையில் இரண்டு கோடுகள் பிரிவதைப் பார்ப்பவனுக்கும் கற்க நிறைய இருக்கிறது. ஆனால் அதைக் கற்பிக்கிறவர் அவனைவிட இளையவராக, ஐ.டி.ஐ. முடித்து வந்தவராக இருக்கிறார்.

கூலிக் கணக்குதான் இன்னும் நேராகவில்லை. அன்று குறையைக் கண்டுபிடிப்பதற்குத் தனிக் காசு கிடையாது. பாயிண்ட் விலை, கைக்கூலி, ஒரு டீ, அத்தோடு முடிந்தது. இன்று ஹோஸ் கிளிப்பின் விலை சில பத்து ரூபாய், அதைக் கண்டுபிடித்ததற்கான கட்டணம் அதைப்போல் பல மடங்கு. ஒரு மணி நேர ஓட்டமும், லட்சத்தைத் தொடும் ஸ்கேனரும், வருடாவருடம் கட்ட வேண்டிய அப்டேட் சந்தாவும் அதில் அடக்கம் என்று சொன்னால் எத்தனை பேர் ஏற்பார்கள்? சில மெக்கானிக்குகள் சரிசெய்யும் முன்னும் பின்னும் அந்தக் கோடுகளைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுப் பில்லை நீட்டுகிறார்கள். வெளியூர்க்காரர்கள் பார்த்துவிட்டுப் பணம் கட்டுகிறார்கள். உள்ளூர்க்காரர்கள் இன்னும் கிளிப் என்ன விலை என்றுதான் கேட்கிறார்கள்.