பொதுச் சுகாதார ஆய்வில் கூட்டொப்பந்தங்களும் காலத் தாமதமும்

முன்னுரை

தொற்றுநோய் ஆய்வு இன்று எந்த ஒரு நிறுவனமும் தனித்துச் செய்ய இயலாத பணியாகிவிட்டது. நோயாளியின் குருதி மாதிரி ஒரு நாட்டு மருத்துவமனையில் இருக்கும். கிருமியைப் பிரித்தறியும் உயர்பாதுகாப்பு ஆய்வுக்கூடம் மற்றொரு நாட்டில் இருக்கும். தடுப்பூசி செய்யும் ஆற்றல் வேறொரு நாட்டில் இருக்கும். இவற்றை இணைப்பது ஒப்பந்தம். அது கையெழுத்தாகும் வரை மாதிரி குளிர்பெட்டியிலேயே கிடக்கும். நோய் அதற்காகக் காத்திராது. இத்தாமதம் ஏன் ஏற்படுகிறது, அதைக் குறைக்கும் வழிகள் யாவை என்பதை நாம் இக்கட்டுரையில் காண்போம்.

தாமதத்தின் காரணங்கள்

கூட்டாய்வு ஒன்று தொடங்கப் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட ஆவணங்கள் தேவைப்படுகின்றன. பொது நோக்கத்தைக் கூறும் புரிந்துணர்வு ஒப்பந்தம், மாதிரிகளை அனுப்புவதற்கான ஆய்வுப் பொருள் பரிமாற்ற ஒப்பந்தம், நோயாளிகளின் விவரங்களைக் காக்கும் தரவுப் பகிர்வு ஒப்பந்தம் என்பன அவற்றுள் முதன்மையானவை. இவற்றோடு இரு தரப்பு அறநெறிக் குழுக்களின் ஒப்புதலும் வேண்டும்.

ஆய்வின் நோக்கத்தில் கருத்து வேறுபாடு எழுவது அரிது. வேறுபாடு எழும் இடங்கள் வேறு. மாதிரி யாருக்கு உரியது? அதிலிருந்து பிறக்கும் கண்டுபிடிப்பின் காப்புரிமை யாரைச் சேரும்? கட்டுரையில் முதற்பெயர் யாருடையது? இழப்பு நேர்ந்தால் பொறுப்பு எவருடையது? வழக்கு எந்த நாட்டுச் சட்டத்தின்படி நடைபெறும்? ஆய்வாளர்கள் ஒரே நாளில் உடன்பட்டாலும், இரு நிறுவனங்களின் சட்டப் பிரிவுகளும் இக்கேள்விகளை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்குகின்றன. தாமதத்தின் வேர் இதுவே என்பது நம் கருத்து.

நிப்பா தரும் பாடம்

காலத்தின் அருமையை நம் மண்ணிலேயே கண்டோம். 1998 செப்டம்பரில் பேராக் மாநிலத்தில், ஈப்போவை அடுத்த பகுதிகளில் மூளைக்காய்ச்சல் தோன்றியது. முதலில் அது ஜப்பானிய மூளைக்காய்ச்சல் எனக் கருதப்பட்டு, கொசு ஒழிப்பும் தடுப்பூசியும் முடுக்கிவிடப்பட்டன. நோயோ நெகிரி செம்பிலானுக்குப் பரவியது. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர் சுவா காவ் பிங் நோயாளியிடமிருந்து பிரித்தெடுத்த கிருமியை அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் ஆய்வுக்கூடத்திற்குத் தாமே கொண்டு சென்றார். அங்கு, அது முன்பு அறியப்படாத கிருமி என்பது விரைவில் தெரிந்தது. அதன் பின்னரே நடவடிக்கை கொசுவிலிருந்து பன்றிப் பண்ணைகளை நோக்கித் திரும்பியது. பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. மலேசியாவில் 265 பேர் பாதிக்கப்பட்டு 105 பேர் மாண்டனர். சிங்கப்பூரில் இறைச்சிக்கூடத் தொழிலாளர் 11 பேருக்கு நோய் கண்டது. அவருள் ஒருவர் உயிரிழந்தார்.

இங்கு விரைவைத் தந்தது தனி ஆய்வாளரின் முனைப்பு. ஆயினும், ஒருவரின் முனைப்பை மட்டும் நம்பி ஒரு நாட்டின் சுகாதாரம் நிற்க இயலாது.

இந்தோனேசியா எழுப்பிய வினா

விரைவு மட்டும் போதுமா என்னும் வினாவை இந்தோனேசியா எழுப்பியது. எச்5என்1 பறவைக் காய்ச்சலால் பெரும் உயிரிழப்பைச் சந்தித்த அந்நாடு, தன் மாதிரிகளை உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வுக்கூடங்களுக்கு அனுப்பி வந்தது. அவற்றைக் கொண்டு வெளிநாட்டு நிறுவனம் ஒன்று தடுப்பூசி உருவாக்குவது தெரியவந்தபோது, அத்தடுப்பூசி தன் மக்களுக்கு எட்டாத விலையில் விற்கப்படும் என்று அஞ்சி, 2007ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மாதிரிகளை அனுப்புவதை நிறுத்திக்கொண்டது. அம்முடிவு உலகக் கண்காணிப்பைப் பாதித்தது உண்மை. எனினும், அதன் பின்னிருந்த முறையீடு நியாயமானது என்பதைப் பல நாடுகள் ஏற்றன.

நான்காண்டுப் பேச்சுவார்த்தைக்குப் பின், 2011 மே மாதத்தில் உலகச் சுகாதாரப் பேரவை பெருந்தொற்றுக் காய்ச்சல் ஆயத்தக் கட்டமைப்பை ஏற்றது. அதில் இரு மாதிரி ஒப்பந்தங்கள் உள்ளன. முதலாவது, உலகச் சுகாதார நிறுவனத்தின் காய்ச்சல் ஆய்வுக்கூட வலையமைப்புக்குள் நிகழும் பரிமாற்றத்திற்குரியது. வலையமைப்பின் பணி விதிகளை ஏற்பதே அவ்வொப்பந்தத்தை ஏற்பதாகும். ஒவ்வொரு மாதிரிக்கும் தனிக் கையெழுத்துத் தேவையில்லை. இரண்டாவது, வலையமைப்புக்கு வெளியே உள்ள நிறுவனங்களுக்குரியது. பெருந்தொற்றுக் காலத் தடுப்பூசியில் குறைந்தது 10 விழுக்காட்டை நன்கொடையாக வழங்குதல், 10 விழுக்காட்டைக் கட்டுப்படியாகும் விலையில் ஒதுக்குதல் போன்ற தெரிவுகளுள் இரண்டையேனும் தடுப்பூசி உற்பத்தியாளர் ஏற்க வேண்டும். கடினமான கேள்விகளுக்கு நோய் வருமுன் விடை காணப்பட்டதால், நோய் வரும் வேளையில் விரைவு கிட்டுகிறது.

விரைவுபடுத்தும் வழிகள்

இதே கருத்தைப் பிற முயற்சிகளிலும் காண்கிறோம். அமெரிக்காவில் 1995இல் வெளியான ஒருசீர் உயிரியல் பொருள் பரிமாற்ற ஒப்பந்தத்தில் நிறுவனம் ஒருமுறை கையெழுத்திட்டால், பின்னர் ஒவ்வொரு பரிமாற்றத்திற்கும் சிறு கடிதமே போதும். பிரிட்டனில் 2005இல் வெளியான லாம்பர்ட் மாதிரி ஒப்பந்தங்கள், சொத்துரிமை யாருக்கு என்பதை ஒட்டிப் பல வடிவங்களை முன்வைத்தன. இரு தரப்பும் வெற்றுத்தாளில் தொடங்காமல், பொருந்தும் வடிவத்தைத் தேர்ந்துகொள்ளலாம். 2008இல் தொடங்கிய கிசெய்ட் தரவுத்தளத்தில், தரவை அளித்தவரின் பங்கை மதிப்பதாகப் பயனாளர் முன்னரே உறுதியளித்த பின்னரே மரபணு விவரங்களைப் பெறுகிறார்.

இவற்றிலிருந்து நம் நிறுவனங்கள் கொள்ளத்தக்கவை சில. விட்டுக்கொடுக்க இயலாத விதிகள் எவை, பேசித் தீர்க்கத்தக்கவை எவை என்பதை ஒவ்வொரு நிறுவனமும் முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். அடிக்கடி இணைந்து பணியாற்றும் நிறுவனங்கள் அமைதிக் காலத்திலேயே முதன்மை ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். சட்டப் பிரிவின் பரிசீலனையும் அறநெறிப் பரிசீலனையும் ஒன்றன்பின் ஒன்றாக இன்றி ஒருங்கே நடைபெறலாம். ஒவ்வொரு கட்டத்திற்கும் கால வரையறையும் பொறுப்பாளரும் வேண்டும்.

முடிவுரை

2011ஆம் ஆண்டுக் கட்டமைப்பு பெருந்தொற்றாக மாறக்கூடிய காய்ச்சல் கிருமிகளுக்கு மட்டுமே உரியது. ஆதலால் கோவிட்-19 பரவியபோது அது கைகொடுக்கவில்லை. 2025 மே 20ஆம் நாள் உலகச் சுகாதாரப் பேரவை பெருந்தொற்று உடன்படிக்கையை ஏற்றபோதும், கிருமி மாதிரிகளையும் அவற்றால் வரும் நன்மைகளையும் பகிர்வது பற்றிய பின்னிணைப்பு தனிப் பேச்சுவார்த்தைக்கு விடப்பட்டது. மிகக் கடினமான பகுதி அதுவே என்பதற்கு இது சான்று.

விரைவு என்பது வலியவர் நீட்டும் தாளில் எளியவர் கையெழுத்திடுவதன்று. அவ்வாறு பெறும் கையெழுத்து அடுத்த நோயின்போது கதவை அடைத்துவிடும் என்பதை 2007 உணர்த்தியது. நியாயமான பங்கீட்டை முன்னரே எழுதி வைப்பதே நிலைத்த விரைவுக்கு வழி. வெள்ளம் வருமுன் அணை கோலும் அறிவு வயலுக்கு மட்டுமன்றி ஆய்வுக்கூடத்திற்கும் வேண்டும்.