மலையேறிய ஜீப்புக்கு மறுவாழ்வு

கம்பம், போடி ஊர்களிலிருந்து இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகளின் மூதாதை, 1941இல் அமெரிக்க இராணுவத்துக்காக உருவான வில்லிஸ் ஜீப்பாகும். 1940களின் இறுதியில் மகிந்திரா நிறுவனம் அதனை உதிரிப் பாகங்களாக இறக்குமதி செய்து இந்தியாவில் பூட்டத் தொடங்கியது. அத்தகைய பழைய வண்டியை வீட்டிலேயே புதுப்பிக்க முனைவோர் பெயிண்டுக்கு முன்பாகச் சேஸி எனப்படும் அடிச்சட்டத்தை ஆராய வேண்டும். சுத்தியலால் மெல்லத் தட்டும்போது கணீரென்று ஒலிக்காமல் மொத்தென்று ஒலிக்குமிடத்தைத் துரு தின்றிருக்கக்கூடும். அடுத்தது, இன்ஜின் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பகிர்ந்தளிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ். அதன் தாழ்நிலைக் கியர் இழுவிசையை ஏறத்தாழ இருமடங்காக்குவதாலேயே வண்டி செங்குத்தான ஏற்றத்திலும் திணறாமல் ஏறுகிறது. 50 ஆண்டுகளைக் கடந்த வண்டியைத் தொன்மை வாகனமாகப் பதிய 2021ஆம் ஆண்டின் மத்திய விதிகள் இடமளிக்கின்றன. ஆயினும், அவ்வாறு பதிந்தபின் அது தோட்டத்துக்கு ஆளேற்றிப் பிழைக்க முடியாது.