கார் இன்ஜினில் ‘கடகட’ சத்தமா? மெக்கானிக்கைப் பார்க்கும் முன் இதையெல்லாம் கவனிங்க!

காலையில் ஆபீஸுக்குக் கிளம்பும் அவசரம். காரை ஸ்டார்ட் பண்றீங்க. நேற்று வரை இல்லாத ஒரு ‘கடகட’ சத்தம் பானெட்டுக்குள் இருந்து வருகிறது. கண்ணாடியை ஏற்றிவிட்டு, பாட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தால் அது காதில் விழாது. ‘ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கலாம்’னு கிளம்பிடுறோம். சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

இன்ஜின் சத்தம் என்பது காய்ச்சல் மாதிரி. சாதாரண சளிக்கும் வரும், டெங்குவுக்கும் வரும். காருக்கு அடியில் ஒரு தகரத்தின் போல்ட் லூஸானாலும் கடகடன்னுதான் கேட்கும். இன்ஜினுக்குள்ளே பேரிங் தேய்ந்தாலும் கடகடன்னுதான் கேட்கும். முதலாவது, ஒரு கிளாம்ப் போட்டால் முடிந்துவிடும். இரண்டாவதுக்கு, ‘இன்ஜினை இறக்கணும் சார்’ என்பார் மெக்கானிக்.

இதில் பலரும் இரண்டு விதமாகக் காசை இழக்கிறார்கள். சத்தத்தைக் கண்டுகொள்ளாமல் ஓட்டி, சின்ன வேலையைப் பெரிய வேலையாக்குவது ஒன்று. வொர்க்‌ஷாப்புக்குப் போய், ‘ஏதோ சத்தம் வருது, பாருங்க’ என்று மட்டும் சொல்லிவிட்டு, ஒவ்வொரு பார்ட்டாக மாற்றிக்கொண்டே இருப்பது இன்னொன்று. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: சத்தம் எப்படி இருக்கிறது என்பதைவிட, ‘எப்போ வருது, எப்போ நிற்குது’ என்று கவனிப்பது. அதற்கு நீங்கள் மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை.

முதல் வேலை: ஆயில்!

எந்தச் சத்தமாக இருந்தாலும், முதலில் பார்க்க வேண்டியது இன்ஜின் ஆயில். இன்ஜினுக்குள் உலோகத்தோடு உலோகம் நேராக உரசாமல் இருப்பதற்குக் காரணமே நடுவில் இருக்கும் மெல்லிய ஆயில் படலம்தான். ஆயில் குறைந்தால் அந்தப் படலம் போய்விடும். அப்புறம் சத்தம் வராமல் என்ன செய்யும்?

காரைச் சமமான இடத்தில் நிறுத்தி, இன்ஜினை ஆஃப் செய்து, ஐந்து, பத்து நிமிடம் விடுங்கள். டிப்-ஸ்டிக்கை உருவி, துணியால் துடைத்து, மறுபடி முழுசாக உள்ளே விட்டு எடுங்கள். ஆயிலின் அடையாளம் ‘மின்’, ‘மேக்ஸ்’ என்ற இரண்டு கோடுகளுக்கு நடுவில் இருக்க வேண்டும். கீழ்க்கோட்டுக்கும் கீழே என்றால், உங்கள் காரின் மேனுவலில் சொல்லியிருக்கும் அதே கிரேடு ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அளவைச் சரிபண்ணுங்க. ‘கூடுதலாக இருந்தால் நல்லதுதானே’ என்று மேல்கோட்டைத் தாண்டி ஊற்றாதீர்கள். சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலில் அடித்தால், தயிர் கடைவது போல நுரை வந்துவிடும். நுரைத்த ஆயிலால் சரியான அழுத்தம் கொடுக்க முடியாது.

சின்ன கார்களின் இன்ஜின் பிடிப்பதே சுமார் 3 முதல் 4 லிட்டர் ஆயில்தான். அதில் ஒரு லிட்டர் காணாமல்போவது சின்ன விஷயம் இல்லை. ஆயில் ஏன் குறைந்தது, கசிகிறதா, எரிகிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

சிவப்பு விளக்கு எரிந்தால் விவாதமே வேண்டாம்

டேஷ்போர்டில் பழைய காலத்து எண்ணெய்க் குவளை மாதிரி ஒரு சிவப்பு விளக்கு இருக்கும். பலரும் இதை ‘ஆயில் குறைஞ்சிருக்கு’ என்று காட்டும் விளக்கு என நினைக்கிறார்கள். பெரும்பாலான கார்களில் அது காட்டுவது ஆயிலின் அழுத்தத்தை. ஓடும் இன்ஜினில் அது எரிகிறது என்றால், பேரிங்குகளுக்கு ஆயில் சரியாகப் போகவில்லை என்று அர்த்தம். கடகட சத்தமும் சிவப்பு விளக்கும் சேர்ந்து வந்தால் ஓரங்கட்டி, உடனே இன்ஜினை ஆஃப் பண்ணிடுங்க. ‘பக்கத்துலதான் வொர்க்‌ஷாப், மெதுவா ஓட்டிட்டுப் போயிடலாம்’ என்ற அந்த இரண்டு கிலோமீட்டரில் இன்ஜினே போய்விடலாம். டோ பண்ணித்தான் கொண்டுபோக வேண்டும். உங்கள் இன்ஷூரன்ஸில் ரோடுசைடு அசிஸ்டன்ஸ் இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவைத்துக்கொள்வது நல்லது.

இது இன்ஜின் சத்தம்தானா?

ஆயில் சரியாக இருக்கிறது, விளக்கும் எரியவில்லை என்றால் பதற்றப்பட வேண்டாம். அடுத்த கேள்வி இதுதான். காரை நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டுவிட்டு, ஆக்ஸிலரேட்டரை மெதுவாக அழுத்துங்கள். சத்தமும் கூடவே வேகமாகிறதா? அப்படியென்றால் இன்ஜினோ, அதோடு சேர்ந்து சுற்றும், அதிரும் ஏதோ ஒன்றோதான் காரணம். நின்ற இடத்தில் சத்தமே இல்லை. மேடு பள்ளத்தில் போகும்போது மட்டும் வருகிறது என்றால், சஸ்பென்ஷன் பக்கம் பாருங்கள். ஸ்டெபிலைஸர் பாரின் லிங்க் ராடு தேய்ந்தால் அப்படித்தான் கடகடக்கும்.

டிக்கியில் சரியாக மாட்டாத ஜாக்கி, ஸ்டெப்னியின் நட்டு, நம்பர் பிளேட், உயரமான ஸ்பீடு பிரேக்கரில் உரசித் தொங்கும் பிளாஸ்டிக் கவர் என்று இன்ஜினுக்குச் சம்பந்தமே இல்லாத ஆட்களும் இருக்கிறார்கள். ரொம்ப நாள் நிறுத்திவைத்த கார் என்றால், எலி கொண்டுவந்து போட்ட தேங்காய்ச் சில்லுகூட பானெட்டுக்குள் கிடந்து சத்தம் போடலாம்!

எப்போ வருது? இதுதான் முக்கியமான துப்பு

காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும்: இரவெல்லாம் நிற்கும் காரில் ஆயில் கீழே இறங்கிவிடும். டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர், பல இன்ஜின்களில் ஆயில் அழுத்தத்தால்தான் வேலை செய்கிறது. ஆயில் ஏறும் வரை செயின் தளர்ந்து, சைக்கிள் செயின் கவரில் உரசுவது போலக் கேட்கும். கண நேரத்தில் அடங்கினால் பதற வேண்டாம். ஆனால், நாளுக்கு நாள் அந்த நேரம் நீண்டுகொண்டே போனால் செயினோ டென்ஷனரோ தேய்கிறது என்று அர்த்தம். செயின் ஒரு பல் தாண்டினாலே வால்வு, பிஸ்டன் இயக்கத்தின் கணக்கு தப்பும். அதிகமாகத் தாண்டினால், பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். மாருதியின் கே சீரிஸ் பெட்ரோல் இன்ஜின்களிலும், ஸ்விஃப்ட் முதல் பல கார்களில் வந்த ஃபியட்டின் 1.3 லிட்டர் டீசல் இன்ஜினிலும் இருப்பது செயின்தான். பழைய மாருதி 800 போன்றவற்றில் இருப்பது பெல்ட். பெல்ட் பெரும்பாலும் சத்தம் போட்டு எச்சரிக்காது, சட்டென்று அறுந்துவிடும். அதனால், பெல்ட் உள்ள காரில் சத்தத்துக்காகக் காத்திருக்காமல், மேனுவலில் சொன்ன கிலோமீட்டரில் மாற்றிவிடுங்கள்.

குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் மட்டும்: டீ டம்ளர் மேல் தட்டு அதிர்வது போல ‘ஜிர்ர்’ரென்று மெல்லிய தகரச் சத்தமா? எக்ஸாஸ்ட்டின் சூடு மற்ற பாகங்களைத் தாக்காமல் தடுக்கும் ஹீட் ஷீல்டாக இருக்கலாம். அதைப் பிடித்திருக்கும் போல்ட் துருப்பிடித்தால் தகரம் ஆடும். சரியான கிளாம்ப் போட்டு இறுக்கினாலே பல நேரம் போதும். ‘சத்தம்தானே, கழற்றிப் போட்டுடலாம்’ என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சூட்டைத் தடுக்க வைத்ததைக் கழற்றினால், பக்கத்தில் இருக்கும் ஒயரும் ரப்பரும் வெந்துபோகும்.

அதே பகுதியில், தகர டப்பாவில் கூழாங்கல் உருளுவது போலக் கேட்டால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரையும் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குள் இருக்கும் தேன்கூடு போன்ற பீங்கான் உடைந்தால் இப்படிக் கேட்கும். இன்ஜின் ஆறியபிறகு ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டினாலே தெரிந்துவிடும். கூடவே பிக்அப் குறைந்திருந்தால் சந்தேகம் இன்னும் பலமாகிறது.

மேடு ஏறும்போது மட்டும்: வால்பாறைக்கு ஏறுகிறீர்கள். 40 கொண்டை ஊசி வளைவுகள். வளைவில் திரும்பியதும் மூன்றாவது கியரிலேயே ஆக்ஸிலரேட்டரை அழுத்துகிறீர்கள். சில்லறைக் காசை டப்பாவில் போட்டுக் குலுக்குவது போல ஒரு சத்தம். இதைத்தான் மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்கிறார்கள். பெட்ரோல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் பற்றவைக்கும் தீ சீராகப் பரவ வேண்டும். சூடும் அழுத்தமும் அளவுமீறினால், தீ வந்து சேரும் முன்பே மிச்ச பெட்ரோல் தானாக வெடிக்கும். அந்த அதிர்ச்சி அலைகளின் சத்தம்தான் இது. உடனே கீழ் கியருக்கு மாறுங்கள், பெரும்பாலும் அடங்கிவிடும். சமதளத்திலும் தொடர்ந்தால் கார்பன் படிவு, தவறான ஸ்பார்க் பிளக், காருக்குச் சொல்லப்பட்டதைவிட ஆக்டேன் குறைந்த பெட்ரோல், இன்ஜின் அதிகமாகச் சூடாவது என்று காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கூடவே டெம்பரேச்சர் முள்ளும் ஏறினால் ஓட்டாதீர்கள்.

ஏசி போட்டால் மட்டும்: ஏசியை ஆன், ஆஃப் செய்து பாருங்கள். ஆஃப் செய்ததும் நின்றால் ஏசி கம்ப்ரஸர், அதன் கிளட்ச், பெல்ட் பகுதிதான் சந்தேகத்துக்குரியது. இன்ஜினைத் தொடவே வேண்டியதில்லை.

கிளட்ச்சை மிதித்தால் மாறுகிறதா: மிதித்ததும் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். மிதித்ததும் நின்றால் கியர்பாக்ஸ் பக்கத்துப் பேரிங்காக இருக்கலாம்.

ஸ்டார்ட், ஆஃப் செய்யும் நேரத்தில் ‘டம்’மென்று குலுங்கினால்: இன்ஜினைத் தாங்கும் மவுன்ட்டின் ரப்பர் தேய்ந்திருக்கலாம்.

‘டிக் டிக்’கா, ‘டொக் டொக்’கா?

இன்ஜினுக்குள்ளே இருந்து வரும் சத்தத்தில் இந்த இரண்டையும் பிரித்துக் கேட்கப் பழகினால் பாதி பயம் போய்விடும்.

மேலே, வால்வு கவர் பகுதியில் இருந்து சன்னமாக ‘டிக் டிக்’ என்று வந்தால், அது பெரும்பாலும் டேப்பெட் சத்தம். ஐடிலிங்கில் இன்ஜின் 800 ஆர்பிஎம்மில் சுற்றுகிறது என்றால், வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்ட் அதில் பாதி, அதாவது 400 முறைதான் சுற்றும். அதனால், ஒரு டேப்பெட் தட்டினால் நொடிக்கு ஆறேழு முறைதான் கேட்கும். தையல் மிஷின் ஓடுவது போல இருக்கும். டேப்பெட் செட்டிங் அல்லது ஆயில் மாற்றத்திலேயே சரியாகிவிட வாய்ப்பு உண்டு. இன்ஜெக்டர்களின் ‘டிக்’ சில கார்களில் இயல்பானது. டீசல் இன்ஜினின் கரகரப்பும் அப்படித்தான். பழைய சத்தம் மாறியிருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

இன்ஜினின் கீழ்ப்பகுதியில் இருந்து, கதவைக் கை முட்டியால் தட்டுவது போல கனமாக ‘டொக் டொக்’ என்று வருகிறதா? ஆக்ஸிலரேட்டர் கொடுக்கக் கொடுக்க பலமாகிறதா? கனெக்டிங் ராடு பேரிங் தேய்ந்திருக்கலாம். ஒருநாள்கூடத் தள்ளிப்போடக் கூடாத சத்தம் இது. தேய்ந்த ராடு பிய்ந்தால் இன்ஜின் பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். இதற்கும் டோ மட்டும்தான்.

பானெட்டைத் திறந்து கேட்கும்போது...

மெக்கானிக்குகள் நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை இன்ஜினில் வைத்து, கைப்பிடியைக் காதருகே வைத்துக் கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். சத்தம் உலோகம் வழியாக வந்து இடத்தைக் காட்டிக்கொடுக்கும். பழக்கம் இல்லாதவர்கள் இதை முயல வேண்டாம். ஓடும் பெல்ட், ஃபேன் பக்கத்தில் துப்பட்டா, தளர்ந்த சட்டைக் கை, தொங்கும் முடி எதுவும் போகக் கூடாது. ரேடியேட்டர் ஃபேன், சில கார்களில் இன்ஜினை ஆஃப் செய்த பிறகும் தானாகச் சுற்ற ஆரம்பிக்கும். உங்களுக்கு இதைவிட நல்ல கருவி மொபைல்தான். சத்தத்தை டாகோ மீட்டர் தெரியும்படி வீடியோ எடுத்துவைங்க. ‘சார், இப்போ சத்தம் வரலையே’ என்று வொர்க்‌ஷாப்பில் சொல்லும்போது அதுதான் உங்கள் சாட்சி.

மெக்கானிக்கிடம் இப்படிச் சொல்லுங்க

‘ஏதோ சத்தம்’ என்பதற்குப் பதிலாக, ‘காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் ஐந்து நொடி வருது, ஏசிக்கு மாறலை, ஆயில் லெவல் சரியா இருக்கு, இரண்டு வாரமா கூடிட்டே போகுது’ என்று சொல்லிப் பாருங்கள். தேடல் பாதியாகக் குறையும்.

‘இன்ஜினை இறக்கணும்’ என்று பதில் வந்தால், சம்மதிக்கும் முன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்.

* ஆயில் பிரஷர் கேஜ் போட்டு அழுத்தத்தை அளந்தீர்களா?
* வடித்த ஆயிலில் உலோகத் துகள் மினுங்குகிறதா? (பேரிங் தேய்ந்தால் தெரியும்.)
* வெளியே இருக்கும் பெல்ட்டைக் கழற்றி, சில நொடிகள் ஓட்டிப் பார்த்தீர்களா? (அப்போது சத்தம் நின்றால், குற்றவாளி ஆல்டர்னேட்டரோ கம்ப்ரஸரோ ஐட்லர் புல்லியோதான்.)

நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார்.

பழைய கார் வாங்கப் போறீங்களா?

பார்க்கப் போகும்போது, ‘நான் வரும் வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க’ என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். வெயிலில் நிற்காத காரின் பானெட் சூடாக இருந்தால், காலை நேரச் சத்தம் உங்கள் காதுக்கு வராமல் ஏற்கெனவே ஓட்டிவைத்திருக்கலாம். தடிமனான ஆயிலை ஊற்றிச் சத்தத்தை அமுக்குவதும் நடக்கிறது. ஆறிய இன்ஜினின் முதல் பத்து நொடியை, கண்ணாடியை இறக்கிவிட்டு, பாட்டு, ஏசி எதுவும் இல்லாமல் கேளுங்கள். சொந்தக் காரிலும் வாரம் ஒருமுறை இதைச் செய்தால், புதுச் சத்தம் எது என்பது மெக்கானிக்குக்கு முன்னால் உங்களுக்குத் தெரிந்துவிடும்.