மழையில் சரியும் மலை, நடுக்கத்தில் சரியும் மலை

2024 ஜூலை 30 அதிகாலை, வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை மண்ணும் பாறையும் மூடின. கனமழை மண்ணின் துளைகளில் நிறைந்து துகள்களின் பிடியைத் தளர்த்தியிருந்தது. மழைச் சரிவு பெரும்பாலும் நீர் சேரும் பள்ளங்களில் தொடங்கி, ஓடைவழியே சேறாகப் பாயும்.

நிலநடுக்கத்துக்கு மண் நனையும் அவகாசம்கூடத் தேவையில்லை. 2008 மே 12 அன்று சீனாவின் வென்ச்சுவான் குலுங்கியபோது பல்லாயிரம் சரிவுகள் நிகழ்ந்தன. அதிர்வு முகடுகளில் வலுப்பதால், உச்சியை ஒட்டிய பாறைகளே அதிகம் பெயரும். சரிந்த மண் ஆற்றை மறித்து டாங்ஜியாஷான் ஏரியையே உருவாக்கிவிட்டது.

துயரம் அதோடு முடியவில்லை. தளர்ந்து கிடந்த மண்ணை 2010 ஆகஸ்ட் மழை மீண்டும் ஊர்களுக்குள் இறக்கியது. நிலநடுக்கம் கண்ட மலைக்கு, முன்பு தாங்கிய மழைகூட ஆபத்துதான். அதனால்தான் 2016 குமமோட்டோ நிலநடுக்கத்துக்குப் பின் ஜப்பான், மண்சரிவு எச்சரிக்கைக்கான மழை அளவைக் குறைத்தது. இமயமலை ஊர்களுக்கும் இந்த ஏற்பாடு அவசியம் வேண்டும்.