முதலைக் குஞ்சு ஆணா, பெண்ணா? மண்ணின் சூடுதான் முடிவு செய்கிறது, தெரியுமா?

கிளிநொச்சி இரணைமடுக் குளத்து முதலை மண்ணைத் தோண்டி முட்டையிடுகிறது. இட்ட கையோடு ஒரு முட்டையை எடுத்து, உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்று எந்த விஞ்ஞானியைக் கேட்டாலும் பதில் வராது. அவருக்குத் தெரியாமல் இல்லை, அது இன்னும் முடிவாகவே இல்லை! மண்ணின் சூடு 28 பாகை செல்சியஸிலிருந்து 31 வரை நின்றால் குஞ்சுகள் அத்தனையும் பெண். 32.5க்கு ஏறினால் ஆண். ஒன்றரைப் பாகை, அவ்வளவுதான் வித்தியாசம்! கடலாமைக்குக் கணக்கு வேறு: சூடு கூடக் கூடப் பெண். அவுஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டின் வட பகுதியில் பிறந்த இளம் பச்சைக் கடலாமைகளில் 99 வீதம் பெண் என்று 2018இல் வெளியான ஆய்வு ஒன்று சொன்னது. மாப்பிள்ளைக்கு எங்கே போவது?

“உலகம் ஒரு பாகை சூடானால் என்ன, சும்மா வெக்கைதானே?” என்று கேட்கும் பிள்ளைக்கு முதலில் சொல்ல வேண்டியது இந்த முதலைக் கதைதான். காலநிலை மாற்றம் என்றதும் எல்லோரும் காட்டும் படம், பனிக்கட்டித் துண்டில் தனியே நிற்கும் துருவக் கரடி. பாவந்தான் அது. ஆனால் முறிகண்டிக் காட்டோரத்துப் பிள்ளைக்குக் கரடி என்றால் பாலைப்பழம் தின்ன வரும் கறுப்புக் கரடி! வன்னியில், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் இருந்துகொண்டு, இதைப் பிள்ளைகளுக்கு விளக்க வட துருவம் வரை போகத் தேவையே இல்லை. எல்லாம் வேலிக்கு வெளியே கிடக்கிறது.

தை மாதத்து இரவை எடுங்கள். வானம் வெளித்துக் கிடந்தால் விடியப்புறம் பல்லுக் கிடுகிடுக்கும். முகில் மூடிய கார்த்திகை இரவில் அந்தக் குளிர் இல்லை. ஏன் தெரியுமா? பகல் முழுக்கச் சூடேறிய தரை, இரவில் அந்தச் சூட்டை வானத்துக்குத் திருப்பி விடுகிறது. முகிலும் நீராவியும் அதை மறித்து ஒரு பங்கைக் கீழே அனுப்புகின்றன. கண்ணுக்கே தெரியாத காபனீரொட்சைட்டும் இதே மறிப்பு வேலையைத்தான் செய்கிறது, பகலென்றும் இரவென்றும் பாராமல்! மறிக்கும் வாயுக்கள் ஒன்றுமே இல்லாதிருந்தால் பூமியின் சராசரி வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 18 பாகையாய் இருந்திருக்கும். இருப்பதால்தான் 15. ஆகவே தயவுசெய்து அந்த வாயுவைப் பிள்ளைகளிடம் வில்லனாக்க வேண்டாம். வளியின் 10 இலட்சம் மூலக்கூறுகளில் 280ஆக இருந்தது, தொழிற்சாலைகள் பெருகியபின் ஏறி ஏறி இன்று 420ஐத் தாண்டிவிட்டது. வில்லங்கம் அந்த ஏற்றத்தில் இருக்கிறது.

இதை முதலில் மோப்பம் பிடித்தது யார் தெரியுமா? யூனிஸ் ஃபூட் என்ற அமெரிக்கப் பெண். 1856இல்! கண்ணாடிக் குழாய்கள் சிலவும் வெப்பமானிகளும்தான் அவருடைய ஆய்வுகூடம். சாதாரண வளி நிரப்பிய குழாயையும் காபனீரொட்சைட்டு நிரப்பிய குழாயையும் வெயிலில் வைத்தார். இரண்டாவது கூடுதலாகச் சூடேறியது, ஆறவும் நெடுநேரம் எடுத்தது. இந்த வாயு வளியில் கூடினால் பூமியும் சூடாகும் என்று அப்போதே எழுதிவைத்தார். அந்தக் கட்டுரையை விஞ்ஞானிகள் சபையில் வாசித்ததோ ஓர் ஆண். பிறகு நூறாண்டுக்கு மேல் ஃபூட்டின் பெயரை உலகம் மறந்தே போயிற்று. தரம் 5 பிள்ளைகள், அதிலும் பெண் பிள்ளைகள், இந்த இடத்தில் கோபப்படுவார்கள். படட்டும்.

கிளிநொச்சியில் நீங்கள் லைற் சுவிச்சைப் போட, எங்கோ ஒரு பழங்காலத்துக் காடு எரிகிறது, தெரியுமா? புத்தளம் நுரைச்சோலையில் 900 மெகாவாற் அனல்மின் நிலையம் இருக்கிறது. அங்கே எரிவது கப்பலில் வந்த நிலக்கரி. நிலக்கரி என்பது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் சேற்றில் புதைந்த மரம். அந்த மரம் அன்று உறிஞ்சிய காபன், இன்று நமது மின்விசிறி சுற்றுவதற்காக வெளியே வருகிறது! அதே மின்கம்பியில் பளைக் காற்றாலைகளின் மின்சாரமும் ஓடுகிறது. யாழ்ப்பாணம் போகும் பிள்ளைகள் பஸ் யன்னலுக்குள்ளால் எட்டி எட்டிப் பார்ப்பார்களே, அவைதான். அவற்றைச் சுற்ற எதையும் எரிக்க வேண்டியதில்லை.

இன்னொரு வியப்பு. காட்டுப்பாதை நெடுக ஆளுயரத்துக்கு நிற்கும் கறையான் புற்றிலிருந்தும் பூமியைச் சூடாக்கும் வாயு வருகிறது! அதன் பெயர் மெதேன். நூறாண்டுக் கணக்கில் பார்த்தால் அதே எடை காபனீரொட்சைட்டைவிட ஏறத்தாழ 28 மடங்கு சூடாக்கும். கறையானின் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் மரத்தைச் செரிக்கும்போது அது உண்டாகிறது. மாடு அசைபோடும்போதும் உண்டாகிறது. தண்ணீர் கட்டி நிற்கும் வயலுக்குள் காலை வைத்தால் சேற்றிலிருந்து குமிழி வருமே, அதிலும் அதுதான்! தண்ணீருக்கு அடியில் ஒட்சிசன் போகாததால் அங்கே வாழும் நுண்ணுயிர்கள் மெதேனைத்தான் விடுகின்றன. உடனே கமக்காரப் பிள்ளை முகம் சுருங்கும்: “அப்ப அப்பா செய்யிறது பிழையோ?” இல்லை மகன். சோறு வேண்டும். வயலை இடைக்கிடை காயவிட்டுத் தண்ணீர் பாய்ச்சினால் இந்த மெதேனை ஏறத்தாழ பாதி வரை குறைக்கலாம் என்று நெல் ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். தண்ணீரும் மிச்சம்.

தண்ணீர் என்றதும் நான் நின்று நிதானமாய்ப் பேச வேண்டிய இடம் வருகிறது. 2017இல் இலங்கைக்கு நாற்பது ஆண்டில் காணாத வறட்சி. சிறுபோகம் பொய்த்து, குடிக்கவும் பவுசரில் தண்ணீர் வந்த காலம். 2018 டிசம்பர் தொடக்கத்தில், திருத்தி உயர்த்திய இரணைமடுவைத் திறந்துவைத்தார்கள். அந்த மாதம் 21ஆம் திகதி இரவு பெய்த மழையில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளக்காடு! குளத்தின் வான்கதவுகளைத் திறக்க, வீடுகளை விட்டுச் சனம் பாடசாலைகளில் போய் இருந்தது. ஒரே ஊர், ஒன்றரை வருடம், இரண்டு எதிரெதிர் ஆபத்து. “சூடானால் காயத்தானே வேணும், ஏன் வெள்ளம் வருது?” இதைவிட நல்ல கேள்வியை ஒரு பிள்ளை கேட்க முடியாது!

பதில் இதுதான். வளி ஒவ்வொரு பாகை சூடாகும்போதும் ஏறத்தாழ 7 வீதம் கூடுதலான நீராவியைத் தாங்கும். மழையில்லாக் காலத்தில் அந்தச் சூட்டு வளி குளத்திலும் மண்ணிலும் இருந்து இன்னும் கூட உறிஞ்சும். மழை வரும்போது, உறிஞ்சியதை ஒரே மூச்சில் கொட்டும். வறட்சியையும் வெள்ளத்தையும் பெற்றது ஒரே தாய்! கொட்டுவது எவ்வளவு என்று தெரியுமா? ஒரு மில்லிமீற்றர் மழை ஓர் ஏக்கரில் விழுந்தால் 4,000 லீற்றருக்கு மேல். வெறும் ஒரு மில்லிமீற்றர்! 100 மில்லிமீற்றர் பெய்த இரவில் அப்பாவின் ஓர் ஏக்கர் வயலில் மட்டும் 4 இலட்சம் லீற்றர். 4,000 லீற்றர் பவுசர் என்றால் நூறு பவுசர். பிள்ளைகளை இந்தக் கணக்கைத் தாங்களே போடவிடுங்கள், வாயைப் பிளப்பார்கள்.

மழை மிஞ்சினால் வருவது வெள்ளம் மட்டுமில்லை. கடல் சூழ்ந்த நாட்டுக்கு உப்புத் தட்டுப்பாடு வந்த கதை? வந்ததே, 2025இல்! மழை ஓயாததால் தெற்கிலும் புத்தளத்திலும் உப்பு விளையவில்லை, கப்பலில் இறக்கினார்கள். 

ஆனால் எல்லாப் பழியையும் காலநிலை மாற்றத்தின் தலையில் போட்டுவிடக் கூடாது. முல்லைத்தீவில் இந்தப் பேச்சை எடுத்தால் முதலில் வரும் கேள்வி சுனாமி. 2004 டிசம்பர் 26இல் வந்தது சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் நடந்த பூமியதிர்ச்சியால். வளியின் சூட்டுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சித்திரை வெயில்? அதுவும் பழைய ஒழுங்குதான். புத்தாண்டை அண்டிய நாள்களில் சூரியன் வன்னியின் உச்சந்தலைக்கு நேரே வருகிறது. நண்பகல் கழிந்து 10 நிமிடமளவில் நட்ட கம்புக்கு நிழலே இருக்காது! ஆவணியில், அதாவது ஓகஸ்ட் முடியும்போது, இன்னொரு தடவை அதே வித்தை. வளிமண்டலவியல் திணைக்களம் ஒவ்வொரு ஏப்ரலிலும் ஊர் ஊராக நேரம் போட்டு அறிவிக்கிறது. முற்றத்தில் கம்பு நட்டுப் பார்க்கலாம்.

சூறாவளியும் புதிது இல்லை. 1964 டிசம்பர் 22இல் வவுனியாவைக் கடந்து போன சூறாவளிதான் அன்றிரவு தனுஷ்கோடியை அழித்தது, பாம்பன் ரயிலைக் கடலுக்குள் இழுத்தது! 2020 டிசம்பர் 2இல் புரெவி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையேறி வன்னியைக் குறுக்கறுத்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா நாடு முழுவதிலும் 600 பேருக்கு மேல் பலி கொண்டது. சூறாவளியைக் காலநிலை மாற்றம் உண்டாக்குவதில்லை. கடல் சூடாக இருந்தால் அதற்குத் தீனி கூட, வளியில் நீராவி கூட, கொட்டும் மழையும் கூட. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகள் நம்மைவிட வேகமாகப் பிடிப்பார்கள்.

வெப்ப நாட்டில் மாடு குளிரில் செத்ததும் நடந்திருக்கிறது. 2022 டிசம்பரில் மண்டூஸ் புயல் வங்காள விரிகுடாவில் நின்றபோது குளிர்காற்றும் மழையும் சேர்ந்து கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் விறைத்து விழுந்தன. “அப்ப உலகம் சூடாகுது எண்டது பொய்தானே?” என்று ஒருவன் கேட்பான். ஒரு நாள் குளிர் வானிலை. 30 ஆண்டு சராசரிதான் காலநிலை. 30 ஆண்டு என்றால் கேட்ட பிள்ளை அப்போது பிறந்தே இல்லை, சில நேரம் ரீச்சரும் பிறந்திருக்கமாட்டார்! அம்மம்மாவைத்தான் கேட்க வேண்டும்: எந்த மாதத்தில் விதைத்தீர்கள், எந்த ஆண்டு குளம் வான் பாயவில்லை, பாலைப்பழம் எப்போது பழுத்தது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து ஓடிய சனத்திடம் தாளில் எழுதிய குறிப்பு மிஞ்சியிராது, ஞாபகம் மிஞ்சியிருக்கிறது.

ஒன்றை மட்டும் வெட்டிச் சொல்லிவிடுகிறேன். உலகம் அழியப்போகிறது என்று இந்தப் பிள்ளைகளைப் பயமுறுத்தாதீர்கள். ஓர் இலங்கையர் ஆண்டுக்கு வெளியிடும் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 1 தொன். ஓர் அமெரிக்கர் ஏறத்தாழ 14 தொன்! சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் “நீதான் பூமியைக் காப்பாற்ற வேண்டும்” என்று போஸ்ரர் எழுத வைப்பது நியாயமே இல்லை. பெரிய நாடுகள் செய்ய வேண்டியதைச் சின்னக் கைகளில் திணிக்கிறோம். நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய்க் கரைகளிலுள்ள கண்டல் காடு, அதே பரப்புள்ள தரைக் காட்டைவிடப் பல மடங்கு காபனைச் சேற்றுக்குள் பூட்டி வைத்திருக்கிறது, தெரியுமா? அதை வெட்டாமல் விடச் சொல்லிப் பெரியவர்களிடம் கேட்கும் உரிமை பிள்ளைகளுக்கு உண்டு. அதைச் சொல்லிக் கொடுங்கள்.

செய்து பார்க்க ஒன்று தருகிறேன். அடி தட்டையான நேர்ச்சுவர்ப் போத்தல் ஒன்றின் மேல்பகுதியை வெட்டி, தலைகீழாகப் புனல் போலச் செருகுங்கள். அடிமட்டத்தை ஓரமாக ஒட்டுங்கள். மரமும் கூரையும் மறிக்காத முற்றத்தில் வையுங்கள். தினமும் காலை 8.30க்கு அளந்து கொப்பியில் எழுதிவிட்டுத் தண்ணீரை வெளியே ஊற்றிவிடுங்கள். திணைக்களம் அளப்பதும் அதே நேரத்துக்குத்தான்! ஐப்பசியில் தொடங்கினால் மாரி முழுவதும் கைக்குள் வந்துவிடும். கண்டாவளையில் ஒரு பாடசாலை, புளியங்குளத்தில் ஒரு பாடசாலை, ஒட்டுசுட்டானில் ஒரு பாடசாலை என்று ஒரே நாளில் அளந்து பார்த்தால் மூன்று இலக்கங்களும் மூன்று விதமாய் வரும். ஏன் என்று பிள்ளைகளே சண்டை பிடிக்கட்டும்.